கணுக்கால் வீக்கமும் கணக்குக் குறியீடும்

ஏட்டில் ஏறாத வரவு வரவன்று. ரசீதில்லாத செலவு செலவன்று. சங்கக் கணக்குகளைச் சோதிப்போர் முதலிற் கற்கும் பாடம் இது. இப்பாடம் மருத்துவமனைக்கும் பொருந்தும் என்பதை நம் அங்கத்தினருள் பலர் அறியார். அறியாமையால் வரும் நஷ்டமோ அவர்களையே சேர்கிறது.

சில காலத்துக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் காகிதக் கட்டுடன் நம்மிடம் வந்தார். குழித்தறியில் நெய்பவர். ஒருநாள் வலக் கணுக்கால் திடீரென வீங்கிச் சிவந்து, மிதியில் கால் வைக்க இயலாமற் போகவே, மருத்துவமனையில் மூன்று நாள் தங்கினார். இரண்டு வாரத்தில் வீக்கம் முற்றும் வடிந்தது. தறியும் ஓடத் தொடங்கியது. இன்சூரன்ஸ் பணம் மட்டும் வரவில்லை.

காகிதங்களைப் புரட்டிப் பார்த்தோம். சேர்க்கைச் சீட்டில் 'வலக் கணுக்கால்' என்றிருந்தது. செவிலியர் குறிப்பில் 'இடக் கால்' என்றிருந்தது. வீடு திரும்பும்போது கொடுத்த சுருக்க அறிக்கையிலோ 'நாட்பட்ட மூட்டுவாதம்' என்று கண்டிருந்தது. நாட்பட்டதெனில் இன்சூரன்ஸ் எடுப்பதற்கு முன்னரே இருந்த நோயோ என்று நிறுவனம் வினவியிருந்தது.

"ஐயா, இதற்கு முன் எனக்கு ஒருநாளும் கால் வீங்கியதில்லையே! நாட்பட்டது என்று எழுதிவிட்டார்களே!" என்று அவர் வருந்தினார். அவர் வருத்தம் நியாயமானதே.

குறியீடு என்பது யாது?

உலகத்து நோய்களையெல்லாம் வகைப்படுத்தி எண்ணிட்ட பட்டியல் ஒன்று உண்டு. அதனை ஐ.சி.டி. என்பர். 1893-ல் சிகாகோ நகரில் கூடிய புள்ளியியலார் மாநாட்டில், பிரெஞ்சு அறிஞர் ழாக் பெர்ட்டியோன் மரணக் காரணங்களின் பட்டியலொன்றை முன்வைத்தார். அதுவே இதன் மூலம். 1948 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் இதனை நடத்தி வருகிறது. பத்தாம் திருத்தம் 1990-ல் ஏற்கப்பட்டது; பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நம் நாட்டு இன்சூரன்ஸ் கோரிக்கைப் படிவத்தில், மருத்துவமனை நிரப்பும் பகுதியில், பத்தாம் திருத்தக் குறியீட்டிற்கெனவே ஓர் இடம் உண்டு.

பத்தாம் திருத்தத்தில் தசை, எலும்பு, மூட்டு நோய்கள் 'எம்' என்னும் எழுத்தில் தொடங்கும். வந்து மறையும் தற்காலிக மூட்டு நோய், எம் 12.8 என்னும் இனத்தில் அடங்கும். இடத்தைக் காட்ட 7 என்ற எண்ணைச் சேர்த்தால் அது கணுக்காலையும் பாதத்தையும் குறிக்கும்.

அமெரிக்காவில் இன்னும் நுட்பமாகப் பிரித்துள்ளனர். அங்கு முன்பு 716.47 என்ற ஒரே எண் இரு கால்களுக்கும் போதுமாயிருந்தது. 2015 அக்டோபர் 1 முதல் வலக் காலுக்கு எம் 12.871, இடக் காலுக்கு எம் 12.872 என்றாயிற்று. எந்தக் கால் என்று மருத்துவர் எழுதாவிடில் எம் 12.879, அதாவது 'குறிப்பிடப்படாதது'. பத்தாம் திருத்தத்தின் உலகப் பொதுப் பட்டியலில் வலம் இடம் காட்டும் எண் இல்லை. ஆகவே நம் நாட்டில் அதைச் சொல்லால் எழுதுவது மேலும் அவசியமாகிறது.

எழுதியதே ஆதாரம்

குறியீடு இடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. மருத்துவர் எழுதியதையே பார்க்கிறார். ஊகித்து எண் இட அவருக்கு அதிகாரமில்லை. ஐயம் எழுந்தால் மருத்துவரையே கேட்க வேண்டும். வவுச்சர் இன்றிப் பேரேட்டில் பதிய நம் குமாஸ்தாவுக்கு அதிகாரம் உண்டோ? அதுபோலத்தான் இதுவும்.

கணுக்கால் வீக்கம் எல்லாம் ஒன்றல்ல. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோய்க்கு எம் 10. வேறோரிடத்துக் கிருமித் தொற்றைத் தொடர்ந்து வரும் மூட்டழற்சிக்கு எம் 02. மூட்டினுள்ளேயே கிருமி புகுந்து சீழ் பிடித்தால் எம் 00; இது அவசர சிகிச்சைக்கு உரியது. சுளுக்கு, காய வரிசையைச் சேர்ந்தது. காரணம் விளங்காத வெறும் வலிக்கு எம் 25.5. ஆகவே எந்த மூட்டு, எந்தப் பக்கம், என்று தொடங்கியது, அடிபட்டதா, காய்ச்சல் உண்டா, முன்பு வந்ததா, இரத்தத்திலும் மூட்டு நீரிலும் கண்டது யாது, என்று வடிந்தது ஆகியவை குறிப்பில் இருத்தல் வேண்டும். இவையின்றித் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு ஆதாரமில்லை.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

மருத்துவரிடம் நோய் தொடங்கிய நாளைத் தெளிவாகச் சொல்லுங்கள். 'ரொம்ப நாளாக வலி' என்று வாய்ப்பழக்கமாகச் சொல்லும் ஒரு சொல், ஏட்டில் 'நாட்பட்டது' என்று ஏறிவிடலாம். உண்மையிலேயே முன்பு வந்திருந்தால் அதனையும் மறையாது சொல்லுங்கள். வீடு திரும்புமுன் சுருக்க அறிக்கையைப் படியுங்கள். படிக்க இயலாதவர் பிறரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர், தேதி, வலம் இடம், நோயின் பெயர் ஆகிய நான்கையும் ஒத்துப் பாருங்கள். பிழை கண்டால் அங்கேயே மருத்துவரிடம் காட்டுங்கள். திருத்தம் பழைய எழுத்தை அழித்தெழுதுவதன்று. ஒரு கோடிட்டு, சரியானதை எழுதி, தேதியுடன் ஒப்பமிடுவதே முறை. பணத்தை எண்ணி, நோயை மாற்றி எழுதச் சொல்வது மோசடியாகும். அதனை எவரும் கேட்கலாகாது.

நாம் கண்ட நெசவாளரைச் சிகிச்சை செய்த மருத்துவரிடமே அனுப்பினோம். அவர் தம் முதற் குறிப்பையும் சோதனை முடிவுகளையும் பார்த்து, 'வலக் கணுக்கால், தற்காலிக மூட்டழற்சி, முன்பு இல்லை' என்று திருத்தி ஒப்பமிட்டார். பின்னர்ப் பணம் வந்தது. ஆயினும் இதற்கென அலைந்த நாட்களின் கூலியை யாரும் தரவில்லை.

பாவு ஓட்டும்போது அறுந்த இழையை அப்போதே பிணைப்பவர் நெசவாளர். அந்தக் கவனத்தில் சிறிதளவை மருத்துவமனைக் காகிதத்தின்பாலும் செலுத்துவாராயின், இத்தகைய அலைச்சலைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். சங்கக் காரியதரிசிகளும் அங்கத்தினருக்கு இதில் துணை நிற்பார்களாக.