இழுத்துச் செல்லும் இல்லம்

'கேரவன்' என்னும் சொல்லைக் கேட்டவுடன், படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய ஊர்தி நம் நினைவிற்கு வருதல் இயல்பு. அது தானே ஓடும் வண்டி. இன்று நாம் ஆராயவிருப்பது வேறொன்று. பிரிட்டனில் அச்சொல், எஞ்சின் இல்லாத, சக்கரங்களின்மேல் அமைந்த ஒரு சிறு வீட்டைக் குறிக்கும். அதனைக் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வர். உள்ளே இருவரோ நால்வரோ உறங்குவதற்குப் படுக்கை, சிறிய எரிவாயு அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஒரு மூலையில் கழிவறை ஆகிய யாவும் அடக்கமாக அமைந்திருக்கும்.

இத்தகைய பயணத்திற்கு அந்நாட்டில் நெடிய வரலாறு உண்டு. 1885ஆம் ஆண்டில், கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவர், 'வாண்டரர்' எனப் பெயரிட்ட வண்டியொன்றைப் பிரிஸ்டல் நகரில் செய்வித்து, இரு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை சென்றார். பணியாள் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று வழி பார்த்துச் சொல்வது வழக்கமாக இருந்தது. 1907ஆம் ஆண்டில் கேரவன் பயணிகளுக்கென ஒரு சங்கமும் தோன்றியது. பின்னர்க் குதிரையின் இடத்தைக் கார் பெற்றது.

புதிய கேரவனின் விலை மிகுதி. ஆதலின் சிறிய, பழைய கேரவனை வாங்க விழைவோர் பலர். பணி ஓய்வு பெற்றுச் சேமிப்பில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்குவோரும் உளர்; அங்குக் குடியேறி வாழும் நம்மவருக்கும் இவ்விருப்பம் எழலாம். வாங்கச் செல்வோர் கண்ணில் முதலிற் படுவன மெத்தையின் துணி, திரைச்சீலை, அடுப்பின் பளபளப்பு முதலியவை. இவை பழுதாயினும் எளிதில் மாற்றத்தக்கவை. உண்மையில் ஒரு பழைய கேரவனின் தகுதியை முடிவு செய்வன இரண்டு. ஒன்று ஈரம், மற்றொன்று எடை. இரண்டும் கண்ணுக்குப் புலப்படாதவை. முன்னது சேமிப்பைக் கரைக்கும். பின்னது உயிருக்கே தீங்கு விளைக்கும். ஆயினும் இரண்டையும் அளந்து அறியலாம் என்பதே நமக்கு ஆறுதல்.

முதலில் ஈரத்தைப் பார்ப்போம். பழைய கேரவன்களின் சுவர் பெரும்பாலும் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு. நடுவில் மரச்சட்டமும், குளிரைத் தடுக்கும் நுரைப்பலகையும். உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகை. சுவரும் கூரையும் கூடும் மூலைகளிலும், சன்னல்களின் ஓரங்களிலும், கூரைச் சன்னலைச் சுற்றியும், நீர் புகாவண்ணம் ஒருவகைப் பசையை இட்டிருப்பர். ஆண்டுகள் செல்லச் செல்ல வெயிலாலும் பனியாலும், ஓடும் வண்டியின் ஓயாத அதிர்வாலும் அப்பசை வறண்டு வெடிக்கிறது. மழைநீர் துளித்துளியாக உட்புகுந்து மரச்சட்டத்தை உளுக்கச் செய்கிறது. வெளித்தகடு பளபளப்பாகவே இருக்கும். உட்சுவரும் நெடுநாள் வரை ஒன்றும் காட்டாது. விற்பவர் நேர்மையானவராயினும், தம் வண்டியின் நிலையை அவரே அறியாதிருக்கக் கூடும்.

ஆகவே சோதனையை ஒழுங்குமுறையுடன் செய்தல் வேண்டும். கதவு திறந்தவுடன் முதற்கண் மூக்கை நம்புக. புழுங்கல் நாற்றம் வீசினால் அஃது ஓர் எச்சரிக்கை. நறுமணப் பொருள்கள் மிகுதியாக வைக்கப்பட்டிருப்பின் அதுவும் எச்சரிக்கையே. அடுத்து, இருக்கைகளின் மெத்தைகளை அகற்றி, அடியிலுள்ள பெட்டிகளையும் மேலலமாரிகளையும் திறந்து, மூலைகளை விளக்கொளியில் நோக்குக. கரும்புள்ளிகளோ, சுவர்த்தாளின் சுருக்கமோ, பலகையின் நிறமாற்றமோ தென்படுகின்றனவா? சுவரைக் கட்டைவிரலால் அழுத்துக. உறுதியான சுவர் கைக்கு இசையாது. நீர் தங்கிய சுவர் ஊறிய ரொட்டியைப் போல் அமுங்கும். தரையின்மேல் மெல்ல நடந்து பார்க்க வேண்டும். தரைப்பலகையின் அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்திருந்தால், காலடியில் நெகிழ்வும் ஒருவகை முறுமுறுப்பும் உண்டாகும்.

இவற்றிற்கெல்லாம் மேலான சான்று ஈரமானி என்னும் சிறு கருவி. அதன் முனைகளைச் சுவரில் வைத்தால் ஈரத்தின் விழுக்காட்டைக் காட்டும். பொதுவாக 15 விழுக்காடு வரை கவலையில்லை. 15 முதல் 20 வரை எனின், அவ்விடத்தைத் தொடர்ந்து கவனித்தல் வேண்டும். 20க்கு மேற்பட்டால் நீர் புகும் வழியை ஆராய வேண்டும். 30ஐத் தாண்டினால் உள்ளே மரம் பழுதடைந்திருத்தல் கூடும். அப்போது சுவரைப் பிரித்துச் சட்டத்தை மாற்ற நேரும். பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையையே விஞ்சிவிடலாம். பணிமனையாளர் ஆண்டுதோறும் ஈரத்தை அளந்து எழுதிய சீட்டுகள் விற்பவரிடம் இருப்பின், அவற்றை வரிசைப்படுத்திப் படியுங்கள். ஒரே மூலையில் ஆண்டுக்காண்டு எண் ஏறிவந்தால், அம்மூலை தன் கதையைத் தானே கூறிவிடும். பிரிட்டனில் கார்களுக்கு உள்ளதுபோன்ற கட்டாய ஆண்டுச் சோதனை கேரவன்களுக்கு இல்லை. ஆகவே இச்சீட்டுகளின் மதிப்பு மிகப் பெரிது.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். 1992 முதல் அந்நாட்டு முன்னணித் தொழிற்சாலைகள் செய்த கேரவன்கள் ஒரு பொதுப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன. 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி, அடிச்சட்டத்திலும் சன்னல்களிலும் பொறிக்கப்பட்டிருக்கும். அக்குறியும் பதிவுச் சீட்டிலுள்ள குறியும் ஒத்திருத்தல் வேண்டும். சன்னலில் குறி சுரண்டப்பட்டிருந்தாலும், விற்பவர் தம் வீட்டிற்கு அழைக்காமல் சாலையோரத்திலேயே பணத்தைக் கேட்டாலும், விலை வியக்கத்தக்க வகையில் குறைந்திருந்தாலும், வாங்காமல் திரும்புவதே அறிவுடைமை.

இனி வண்டியின் அடிப்பகுதி. சக்கர டயர்களின் மேற்பட்டைகள் தேயாமல் புதியன போலத் தோன்றலாம். ஏனெனில் கேரவன் ஆண்டில் பல மாதங்கள் அசையாமல் நிற்பது. ஆனால் ரப்பர் நின்றபடியே மூப்படைகிறது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 எனப் பொறித்திருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஐந்தாண்டு கடந்தால் மாற்றுவது நன்று. ஏழாண்டுக்கு மேல் எக்காரணத்தாலும் வைத்திருத்தல் ஆகாது என்பது அத்துறையினர் கூறும் அறிவுரை. எரிவாயுக் குழாயிலும் செய்த ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். அதையும் பார்க்க வேண்டும். கேரவனின் தரையில் உள்ள சிறு துளைகளைக் குளிர் வருகிறதென்று சிலர் அடைத்துவிடுகின்றனர். சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையிலேயே தேங்கும். அது வெளியேறும் வழியே அத்துளைகள். அவற்றை ஒருபோதும் அடைத்தலாகாது.

அடுத்தது எடை. இங்குச் சிறிது கணக்குத் தேவை. தொடக்கப்பள்ளிக் கூட்டல் கழித்தலே போதும். கேரவனுக்கு இரண்டு எடைகள் உண்டு. சாமான்கள் ஏற்றாத நிலையிலுள்ள எடை ஒன்று. எல்லாம் ஏற்றியபின் தாண்டக்கூடாத உச்ச எடை மற்றொன்று. உச்ச எடையை வண்டியில் பதித்த தகட்டிலேயே காணலாம். எடுத்துக்காட்டாக, முன்னது 850 கிலோ, பின்னது 1,000 கிலோ எனக் கொள்வோம். நாம் ஏற்றக்கூடியது 150 கிலோ. மின்கலம் 20, வெளியே விரிக்கும் கூடாரம் 25, உணவும் பாத்திரமும் 30, துணியும் படுக்கையும் 30, நாற்காலி, மேசை, குடங்கள் 20. ஆக 125 கிலோ. மீதி 25 தான். பழைய கேரவன்களில், நிறுத்துமிடத்தில் வண்டியை நகர்த்த உதவும் சிறு மின்பொறியை முன்னைய உரிமையாளர் பொருத்தியிருப்பது உண்டு. அதன் எடை ஏறத்தாழ 30 கிலோ. அதனைச் சேர்த்தவுடன் வரம்பு மீறிவிட்டது! 40 லிட்டர் நீரை நிரப்பிச் சென்றால் மேலும் 40 கிலோ. ஆகவே நீரைச் சேருமிடத்தில் நிரப்பிக்கொள்வதே முறை. ஐயமிருப்பின், ஏற்றிய வண்டியை எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நன்று.

இழுக்கும் காருக்கும் இதற்கும் பொருத்தம் வேண்டும். ஏற்றிய கேரவனின் எடை, காரின் எடையில் 85 விழுக்காட்டிற்கு மேற்படாதிருத்தல் புதியவர்க்கு உகந்தது. மேற்சொன்ன 1,000 கிலோ கேரவனுக்கு, 1,200 கிலோவிற்குக் குறையாத கார் வேண்டும். காரைச் செய்தவர் குறித்துள்ள இழுவை வரம்பையும் கடத்தலாகாது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 16 முதல், இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளில் சாதாரணக் கார் உரிமம் உடையோர் தனித்தேர்வு எழுதாமலே 3,500 கிலோ வரையுள்ள இழுவண்டியை இழுக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதால் நம் காருக்கு அவ்வலிமை வந்துவிடாது என்பதை மறவாதிருப்போமாக.

எவ்வளவு ஏற்றுவது என்பதைப் போலவே எங்கே ஏற்றுவது என்பதும் முக்கியம். நம் மாட்டுவண்டிக்காரர் இதனை நன்கு அறிவர். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை நசுக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழும்பும். அளவான முன்பாரமே வண்டிக்கு நிலைப்பைத் தரும். கேரவனிலும் அவ்வாறே. அதன் முன்மூக்கு காரின்மேல் அழுத்தும் பாரம், ஏற்றிய எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருத்தல் நலம். 1,000 கிலோவுக்கு 50 முதல் 70 கிலோ. காருக்கும் பூட்டுக்கும் குறிக்கப்பட்ட வரம்பிற்குள் அஃது அடங்க வேண்டும். கனத்த பொருள்கள் தரைமட்டத்தில் அச்சின் அருகே இருக்கட்டும். மேலலமாரியில் இலேசானவையே இருக்கட்டும்.

பின்பாரம் மிகுந்தால் விளைவது யாது? சரிவில் இறங்கும்போதோ, பெரிய லாரி கடந்து செல்லும்போதோ, பக்கக் காற்று வீசும்போதோ, கேரவன் பாம்பைப் போல் இடமும் வலமும் நெளியத் தொடங்கும். ஒவ்வொரு நெளிவும் முன்னையதினும் பெரிதாகிக் காரையும் இழுத்துக் கவிழ்த்துவிடக் கூடும். அவ்வேளையில் வேகத்தைக் கூட்டுவதும், திடீரெனப் பிரேக்கை மிதிப்பதும், ஸ்டியரிங்கை எதிரெதிராகத் திருப்புவதும் பெருந்தவறு. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகவே குறைய விடவேண்டும்.

பூட்டும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காரின் பின்னே 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புக் குண்டு இருக்கும். கேரவனின் முன்னுள்ள கிண்ணம் அதன்மேல் அமர்ந்து பூட்டிக்கொள்ளும். பூட்டியபின் முன்னுள்ள சிறு துணைச்சக்கரத்தின் பிடியைச் சுற்றிக் கேரவனின் மூக்கைச் சற்றே உயர்த்திப் பாருங்கள். காரின் பின்புறமும் உடன் எழுந்தால் பூட்டு உறுதி. பின்னர் அச்சக்கரத்தை முற்றிலும் மேலேற்றிக் கட்டுக. மெல்லிய கம்பிவடம் ஒன்றையும் காருடன் இணைக்க வேண்டும். தப்பித்தவறிக் கேரவன் கழன்றால், அவ்வடம் கேரவனின் பிரேக்கை இழுத்துப் பிடித்துவிட்டுத் தான் அறுந்துபோகும். அதன்பின் மின்னிணைப்பைச் செருகி, விளக்குகள் யாவும் எரிகின்றனவா என மற்றொருவரைப் பார்க்கச் சொல்க. நான்கு மூலைத் தாங்கிகளும் மேலே உள்ளனவா, எரிவாயு மூடப்பட்டதா, சன்னல்கள் தாழிடப்பட்டனவா என நோக்குக. இறுதியாகவே கைப்பிரேக்கை விடுவிக்க வேண்டும். இவ்வரிசையை ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்வது நன்று. சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால், 50 கிலோமீட்டர் சென்றபின் நிறுத்தி மரைகளின் இறுக்கத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

சாலை விதிகள் சிலவே. வேக வரம்பு இருவழிச் சாதாரணச் சாலையில் மணிக்கு 50 மைல். நடுவே பிரிக்கப்பட்ட சாலையிலும் பெருநெடுஞ்சாலையிலும் 60 மைல். மூன்று தடங்களோ அதற்கு மேலோ உள்ள பெருநெடுஞ்சாலையில் வலக்கோடித் தடத்தில் செல்லலாகாது. கேரவனின் பின்னே காரின் எண்பலகையே இருக்க வேண்டும். கேரவன் காரைவிட அகலமாயின் நீட்டுக் கண்ணாடிகள் பொருத்துதல் கட்டாயம். ஓடும் கேரவனுள் எவரும் அமர்தல் கூடாது.

வாங்கியவுடன் நெடுந்தூரம் புறப்பட வேண்டா. வெறுமையான மைதானம் ஒன்றில், உரியவரின் அனுமதி பெற்று, ஒரு முற்பகல் பின்னோக்கிச் செலுத்திப் பழகுங்கள். பின்னோக்கும்போது, கேரவன் எத்திசை செல்ல வேண்டுமோ அதற்கு எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பித் தொடங்க வேண்டும். கைக்கு இது பழகச் சிறிது நேரமாகும். முதல் இரவை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள இடத்தில் கழியுங்கள். ஒழுகும் குழாயும், எரியாத அடுப்பும், மறந்துபோன போர்வையும் அன்றே தெரிந்துவிடும். திரும்பி வருவதும் எளிது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஈரமானியை எடுத்து மூலைகளை மீண்டும் ஒருமுறை அளந்து, தேதியிட்டுக் குறித்து வையுங்கள். உங்களுக்குப் பின் அந்த வண்டியை வாங்க வருபவருக்கு, அக்குறிப்பைவிட நம்பத்தக்க சான்று வேறொன்றும் இராது.