மனப்புண்ணுக்கு முதலுதவி

சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று கொத்தமங்கலம். செட்டிநாட்டு மாளிகைகளைத் தாங்கி நிற்கும் தேக்குத் தூண்களுட் பல, பர்மாவிலிருந்து கடல் கடந்து வந்தவை. இன்று மியன்மார் எனப்படும் அந்நாட்டில், இப்பகுதி வணிகர் பலர் ஒரு காலத்தில் வட்டித்தொழில் நடத்தினர். தமிழ்த் தொழிலாளரும் பல்லாயிரவர் அங்கு வாழ்ந்தனர்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியப் போர் விமானங்கள் இரங்கூன் நகரின்மீது குண்டு பொழிந்தன. இந்தியர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். கப்பலில் இடம் பெறாதோர் அரக்கான் மலைவழியாகவும் மணிப்பூர்க் காடுகள் வழியாகவும் நடந்தே வந்தனர். 1942ஆம் ஆண்டின் இடைப்பகுதிக்குள் அந்நாட்டை விட்டு வெளியேறியோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் என்பர். பசியாலும் நோயாலும் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். அசாம் எல்லையில் தேயிலைத் தோட்டத்தார் முகாம்கள் அமைத்து, தளர்ந்து வந்தோர்க்குத் தேநீரும் உணவும் அளித்தனர்.

நடந்து வந்தோரின் காற்புண் சில நாளில் ஆறிவிடும். உற்றாரை வழியில் விட்டு வந்த துயரம் அவ்வாறு ஆறுமோ? உடற்காயம் கண்ணுக்குத் தெரிகின்றது, உடனே கட்டுகின்றோம். மனக்காயமோ தெரிவதில்லை. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் அதிர்ச்சியுற்று நடுங்கிய வீரர் பலர், கோழைகள் என்றே இகழப்பட்டனர். அது கோழைமையன்று, காயமே என்பதை உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது.

இக்காயத்திற்குச் செய்யும் முதலுதவியைப் பற்றி உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் ஒரு கையேடு வெளியிட்டது. இதனைச் செய்ய மருத்துவராக இருத்தல் வேண்டுவதில்லை. காணல், கேட்டல், இணைத்தல் என்னும் மூன்றே இதன் படிகள்.

முகாமிற்கு மூதாட்டி ஒருவர் வந்து, பேசாது அமர்ந்திருக்கின்றார் எனக் கொள்க. அவ்விடம் பாதுகாப்பானதா, அவருக்குக் காயமோ பசியோ உண்டா என முதலிற் பார்த்தல் வேண்டும். இது காணல். பின்னர் அருகில் அமர்ந்து, அவர் பேச விரும்பின் பொறுமையுடன் செவிமடுத்தல் வேண்டும். இது கேட்டல். "அழாதீர்கள்" எனத் தடுத்தலும், "எல்லாம் சரியாகிவிடும்" எனப் பொய்யுறுதி கூறலும் தகா. நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்துதலும் ஆகாது. நிகழ்ந்ததை உடனே விரித்துரைக்கச் செய்தல் நலம் பயக்கும் என ஒரு காலத்தில் கருதினர். பிற்கால ஆய்வுகள் அதனால் பயன் விளையவில்லை எனக் காட்டின. இறுதியாக, உணவு, மருத்துவம், உறவினர் ஆகியோரிடம் அவரைக் கொண்டு சேர்த்தல் இணைத்தலாகும். உறக்கமின்றிப் பல வாரம் வருந்துவோரையும், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோரையும் தாமதமின்றி மருத்துவரிடம் சேர்த்தல் கடமை.

இணைத்தலின் சிறப்பை இலங்கைப் போர் உணர்த்தியது. போர் தனி மனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையுமே காயப்படுத்துகின்றது என்று, யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எடுத்துக்காட்டினார். ஆதலின் சிதறிய உறவை மீண்டும் சேர்ப்பதும் மருந்தேயாகும்.

அசாம் எல்லையில் தேநீர்க் குவளையை நீட்டியவர்கள் இக்கலையின் பெயரை அறியார். ஆயினும், நடுங்கும் கையில் அதனைக் கொடுத்து, அமர ஓரிடமும் காட்டியபோது அவர்கள் செய்தது இம்முதலுதவியையே. துன்புற்றவன் தான் தனியன் அல்லன் என்று உணரும் நொடியிலேயே மனப்புண் ஆறத் தொடங்குகின்றது.