36 வயதிலும் தளராத ஸ்ரீஜேஷ்: வேகம் குறையும்போது கைகொடுக்கும் அனுபவம்

கொச்சி: வயது ஏறினால் விளையாட்டு வீரரின் வேகம் குறையும். ஆனால், எதிரணியின் நகர்வை முன்கூட்டியே கணிக்க வேண்டிய பொறுப்புகளில் அனுபவம் அந்த இழப்பை ஈடுசெய்கிறது. கொச்சியை அடுத்த கிழக்கம்பலத்தைச் சேர்ந்த ஹாக்கி கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ் இதற்குச் சான்று.

2006-இல் இந்திய அணியில் அறிமுகமான அவர், 2017-இல் முழங்கால் காயத்தால் பல மாதங்கள் விலகியிருந்தார். மீண்டு வந்து டோக்கியோ, பாரீஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்.

2024 பாரீஸ் காலிறுதியில் 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் வெளியேற்றப்பட்டார். 10 பேருடன் போராடிய இந்தியா, பிரிட்டனுடன் 1-1 என சமன் செய்து, ஷூட் அவுட்டில் 4-2 என வென்றது.

ஷூட் அவுட்டில் கோல் அடிக்க வரும் வீரருக்கு 8 விநாடிகளே அவகாசம். அவசரப்பட்டுப் பாயும் கோல்கீப்பர் ஏமாறுவார். பொறுத்திருந்து கோணத்தைக் குறுக்குபவர் எதிராளியின் நேரத்தைக் கரைப்பார். முழு ஆடுகளமும் கண்முன் தெரிவதால், தடுப்பாட்டக்காரர்களைக் குரல் கொடுத்து வழிநடத்துவதும் அவர் பணியே. இவ்விரண்டுக்கும் வேகத்தைவிட நிதானமே முக்கியம்.

அமெரிக்க கால்பந்தில் ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் வீரருக்கும் இது பொருந்தும். டாம் பிராடி 2021-இல் சூப்பர் பவுல் வென்றபோது அவருக்கு வயது 43.

பாரீஸ் ஒலிம்பிக்குடன் ஓய்வு பெற்ற ஸ்ரீஜேஷ், இளையோர் அணியின் பயிற்சியாளரானார். சீனியர் அணியில் அவரது 16-ஆம் எண் சீருடைக்கும் ஹாக்கி இந்தியா ஓய்வளித்தது.