வாக்குப் பிழைத்த ஏரிக்கரை நகரம்

ஜெர்மனியின் தென்கோடியில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய பேரேரிக் கரையில் அமைந்துள்ளது கான்ஸ்டன்ஸ் நகரம். வானம் தெளிந்த நாளில் கரையில் நின்றால், நீர்ப்பரப்புக்கு அப்பால் பனி போர்த்திய ஆல்ப்ஸ் மலைத்தொடர் உங்கள் கண்களைக் குளிர்விக்கும்.

துறைமுகத்தருகே உயர்ந்த கூரையுடன் நிற்கும் பழைய சரக்குக் கிடங்கைக் காணாது திரும்பாதீர்கள். 1414 முதல் 1418 வரை கிறிஸ்தவத் திருச்சபையின் மாமன்றம் இந்நகரில் கூடியது. போப் பதவிக்கு மூவர் உரிமை கோரிய குழப்பம், 1417-இல் இக்கட்டடத்தில் ஐந்தாம் மார்ட்டின் தேர்வானதோடு தீர்ந்தது.

ஆயினும், அம்மாமன்றம் அழியாப் பழியொன்றையும் தேடிக்கொண்டது. திருச்சபையின் சீர்கேடுகளைக் கண்டித்தவர், பிராகா பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜான் ஹுஸ். பாதுகாப்பளிப்பதாக மன்னர் சிகிஸ்முண்ட் தந்த வாக்கை நம்பி இங்கு வந்தார். வந்த சில வாரங்களில் சிறைப்பட்டார். 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார். சாம்பலையும் ரைன் ஆற்றில் கரைத்தனர். அவர் எரிக்கப்பட்டதாகக் கருதப்படும் இடத்தில் 1862-இல் நாட்டிய பெருங்கல்லை நீங்கள் இன்றும் காணலாம்.

இந்நகரிலேயே 1966-இல் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. கேள்வி கேட்டவரை எரித்த ஊரில் இன்று மாணவர்கள் அச்சமின்றிக் கேள்வி கேட்கின்றனர். மெவ்லானா பள்ளிவாசலின் மினாராவும் இங்கே எழுந்து நிற்கிறது.

கொடுத்த வாக்கு ஓர் அமானிதம். அதைப் பேணாதவன் மன்னனேயாயினும், அறுநூறு ஆண்டுகள் கடந்தும் பழி அவனை விடுவதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இவ்வூரின் எழிலோடு இதனையும் சொல்லுங்கள்.