முனைவர் பட்ட ஆய்வில் முழுமைத் தேர்வு: திருவள்ளூர் வட்டார ஆய்வுகளை முன்வைத்து

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்திற்குச் சேர்ந்த மாணவர் உடனே ஆய்வேடு எழுதத் தொடங்குவதில்லை. பாடங்களை முடித்து, தம் துறையைப் பரந்த அளவில் தழுவிய எழுத்துத் தேர்வையும் வாய்மொழித் தேர்வையும் கடந்த பின்னரே அவர் பட்டத்திற்குரிய ஆய்வாளராக ஏற்கப்படுகிறார். இதுவே முழுமைத் தேர்வு. தமிழகத்தில் சென்னை ஐ.ஐ.டி. போன்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இதனை நன்கறிவர். தமிழ்த்துறைகளிலோ பாடநெறித் தேர்வே பெரும்பாலும் போதுமானதாகக் கொள்ளப்படுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் குறைந்தது 12 மதிப்பலகு கொண்ட பாடநெறியையும் அதில் 55 விழுக்காடு மதிப்பெண்ணையும் வேண்டுகின்றன. முழுமைத் தேர்வை விதிக்கவில்லை. அவ்வொழுங்குமுறைகளே ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையும் நிறுத்தின. முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையே பரந்த வாசிப்புக்கு வாய்த்திருந்த ஓராண்டு இதனால் இல்லாமற் போயிற்று. பாடநெறியில் ஆய்வு நெறிமுறையும் வெளியீட்டு அறமும் இடம்பெறுகின்றன; துறைசார் தாள் தலைப்பை ஒட்டி அமைந்துவிட்டால், தலைப்புக்கு அப்பால் மாணவர் அறிந்தது என்ன என்று கேட்பார் எவருமில்லை.

அக்கேள்வியின் தேவையைத் திருவள்ளூர் மாவட்டத் தரவுகளே காட்டும். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905இல் கண்டெடுக்கப்பட்டவை. முதலாம் இராசேந்திரன் காலத்தவை. 31 ஏடுகள் கொண்டவை. அவற்றின் தமிழ்ப் பகுதியிலுள்ள நில எல்லைச் சொற்களை ஒருவர் ஆய்வதாகக் கொள்வோம். சொற்பட்டியலைத் திறம்படத் தொகுத்துவிடலாம். ஆனால், வடமொழிப் பகுதி அரச மரபைப் பாடுவதும் தமிழ்ப் பகுதி கொடையைப் பதிவதும் ஏன்? ஆனைமங்கலச் செப்பேடுகளிலும் கரந்தைச் செப்பேடுகளிலும் எல்லை எவ்வாறு குறிக்கப்படுகிறது? இவற்றுக்கு விடை தேடாதவரின் பட்டியல் சொல்லடைவாகவே நின்றுவிடும். ஆய்வேடு முடிந்தபின் புறத்தேர்வாளர் இதனைக் கேட்பதைவிட, இரண்டாம் ஆண்டிலேயே குழு கேட்பது மாணவருக்கு நன்று.

கும்மிடிப்பூண்டியின் நிலை வேறு. தெலுங்கு வழங்கும் எல்லைப்பகுதி அது; சிப்காட் தொழிற்பேட்டையில் வடமாநிலத் தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். அங்கு மொழிக்கலப்பை ஆய்பவருக்குத் தமிழ் இலக்கணத்தோடு தெலுங்கு ஒலியமைப்பும் சமூக மொழியியலும் வேண்டும். அம்மூன்றையும் ஒரே நெறியாளரிடம் எதிர்பார்ப்பது அரிது. பிறதுறை உறுப்பினர் அமர்ந்த தேர்வுக் குழு இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

இதில் இடரும் உண்டு. வாசிப்புப் பட்டியல் முன்கூட்டியே தரப்படாத முழுமைத் தேர்வு வெறும் அச்சுறுத்தலாகும். மாணவர் எதைப் படிப்பது என்றறியாமல் தேர்வாளரின் விருப்பங்களை ஊகிக்கத் தொடங்குவார். தொழிற்சாலையில் முறைப்பணி பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வோரை இது மிகுதியும் தாக்கும். 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பகுதிநேர ஆய்வுக்கு இடமளிக்கின்றன. பணியிடத்தின் தடையின்மைச் சான்றையும் கேட்கின்றன. அச்சான்று வாசிப்பதற்குரிய நேரத்தைத் தந்துவிடாது. பதிவு செய்த முதல் மாதத்திலேயே நாற்பது, ஐம்பது நூல்கள் கொண்ட பட்டியலைக் கையளித்து, தேர்வை ஓராண்டுக்குப் பின் வைத்து, தவறியவருக்கு மறுவாய்ப்பும் வழங்குவது துறைகளால் இயலக்கூடியதே. இதற்குப் புதிய அரசாணை வேண்டியதில்லை. ஆண்டுக்கு இருமுறை கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் ஓர் அமர்வே போதும்.