‘அஸ்ட்ரோ பாய்’ தொடரின் விலை

அடக்கவிலைக்குக் கீழே விற்பதன் விளைவுகளை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் ஜப்பானின் ஒசாமு தெசுகாவை நான் எடுத்துக்காட்டுவதுண்டு. அவர் படைத்து இயக்கிய சிறுவர் அசைபடத் தொடர் ‘அஸ்ட்ரோ பாய்’, 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சியில் தொடங்கியது. போட்டியாளர்கள் நெருங்காதிருக்கவே செலவுக்கும் குறைந்த விலைக்கு அதை விற்றதாக அவரே பின்னாளில் எழுதினார். பற்றாக்குறையைச் சமாளிக்க நொடிக்கு எட்டு ஓவியங்களே போதுமென்றாயிற்று; வரைந்தவையே மீண்டும் மீண்டும் வந்தன. மீதியைப் பொம்மை, சாக்லேட் உரிமங்கள் ஈடுகட்டின. போட்டியாளர்களோ வரவே செய்தனர். அவர்களிடமும் அதே மலிவு எதிர்பார்க்கப்பட்டது. தெசுகா நிறுவிய நிறுவனம் 1973இல் நொடித்தது. 1989இல் அவர் மறைந்தபின் ஹயாவோ மியாசாகி இதை வெளிப்படையாகவே சாடினார். பழியில் பாதி, அவ்விலையை மரபாக்கிக்கொண்ட தொலைக்காட்சி நிலையங்களுக்கும் உரியது என்பேன். ஓவியத்துக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் இளம் ஓவியர்களின் சொற்ப வருமானம் அங்கே இன்றும் பேசுபொருள்.