நானூறு கிலோமீட்டர் நடந்து சென்று கேட்ட இசை

2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டெய்லர் ஸ்விஃப்ட் என்னும் அமெரிக்கப் பாடகி சிங்கப்பூரில் ஆறு இரவுகள் பாடினார். தம் உலகப் பயணத்தில் தென்கிழக்கு ஆசியாவில் அவர் பாடிய இடம் அஃது ஒன்றே. ஆகவே, சுற்றியுள்ள நாடுகளிலிருந்து இளைஞரும் இளம்பெண்களும் வானூர்தி ஏறி அங்கே வந்து குவிந்தனர். இத்தகைய செய்திகளைப் படிக்கும் பெற்றோர் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அதே பாட்டை வீட்டில் இருந்தபடியே கேட்கலாமே! அதற்காகக் கடல் கடந்து, அதுவும் துணையின்றித் தனியாக, போகத்தான் வேண்டுமா?"

கேள்வி நியாயமானதே; ஆயினும் புதியதன்று. ஏறத்தாழ 320 ஆண்டுகளுக்கு முன்னர், செருமனி நாட்டுச் சிற்றூர் ஒன்றில், இருபது வயது நிரம்பிய இளைஞர் ஒருவரை அவருடைய ஆலய மேலாளர்கள் இவ்வாறே நிறுத்தி வைத்துக் கேட்டனர். அவர்கள் கேட்டதும் அவர் விடையிறுத்ததும் அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டு இன்றளவும் இருக்கின்றன. அந்த இளைஞர்தாம் பிற்காலத்தில் மேனாட்டு இசையின் தலைமகனாகப் போற்றப்பட்ட யோகான் செபஸ்தியான் பாக்.

பாக் 1685-ஆம் ஆண்டு ஐசனாக் என்ற ஊரில் பிறந்தார். பத்து வயது நிறைவதற்குள் தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்துவிட, ஓர்துருஃப் நகரில் ஆர்கன் வாசித்து வந்த அண்ணன் யோகான் கிறிஸ்தோப் அவரை எடுத்து வளர்த்தார். அண்ணனிடம் பெரிய இசைவாணர்களின் படைப்புகள் அடங்கிய ஏடு ஒன்று இருந்தது. அதைத் தம்பி தொடக்கூடாது என்பது கட்டளை. ஆனால் ஏடு இருந்த அலமாரிக்கு இருந்ததோ கம்பிக் கதவு. இரவில் எல்லாரும் உறங்கிய பின்னர், சிறுவன் தன் சின்னஞ்சிறு கையைக் கம்பிகளுக்கிடையே விட்டு, ஏட்டைச் சுருட்டி வெளியே இழுத்து, விளக்கு இல்லாமையால் நிலவொளியிலேயே படியெடுத்தான். ஆறு மாதங்களில் வேலை முடிந்தது. அண்ணன் கண்டுபிடித்து அந்தப் படியைப் பறித்துக்கொண்டார் என்று, 1754-இல் வெளியான இரங்கல் வரலாறு கூறுகிறது. அதனை எழுதியவர்களுள் ஒருவர் பாக்கின் மகனே. ஆகவே, அவர்கள் வீட்டில் பலமுறை சொல்லிச் சிரித்த கதையாக இது இருந்திருக்கக் கூடும்.

கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி 2006-இல் ஒரு செய்தி வெளிவந்தது. வைமார் நகரிலுள்ள பழைய நூலகத்தில், பாக் சிறுவனாக இருந்தபோது தம் கையால் படியெடுத்த இசைத் தாள்களை ஆய்வாளர் கண்டுபிடித்திருந்தனர். 2004-இல் அந்நூலகத்தில் பெருந்தீ மூண்டு பல்லாயிரம் நூல்கள் எரிந்தபோதும் இவை தப்பிப் பிழைத்திருந்தன. அவற்றுள் ஒன்று, டீட்ரிக் புக்ஸ்டெஹூடே என்பவர் இயற்றிய நீண்ட, கடினமான ஆர்கன் இசை. பாக் அதனை எழுதியபோது அவருக்குப் பதின்மூன்று வயதுக்கு மேல் இராது என்று கணிக்கின்றனர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தம் விருப்பமான பாடகரின் படத்தைச் சுவரில் ஒட்டி வைப்பது போல, அந்தச் சிறுவனுக்கு அந்தத் தாள்!

புக்ஸ்டெஹூடே யார்? பால்டிக் கடலோரத்து லூபெக் நகரின் புனித மரியன்னை ஆலயத்தில் 1668 முதல் ஆர்கன் வாசித்து வந்தவர். தென்மார்க்கே தம் தாயகம் என்று கருதியவர். பாக் அவரைக் காணப் புறப்பட்ட போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

தாள்தான் கையில் இருக்கிறதே, பின்னர் ஏன் நேரில் கேட்க வேண்டும்? இங்கே ஆர்கனைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். நம் ஆலயங்களில் வழங்கும் ஆர்மோனியத்தையோ மின் ஆர்கனையோ மனத்தில் கொள்ளலாகாது. குழல் ஆர்கன் என்பது ஆலயச் சுவரோடு சேர்த்துக் கட்டப்படும் ஒரு மாளிகை. ஆயிரக்கணக்கான குழல்கள் அதில் வரிசை வரிசையாக நிற்கும். துருத்திகள் காற்றை ஊட்டும். கைகளுக்கு இரண்டு மூன்று விசைப்பலகைகள், கால்களுக்கு ஒன்று. எந்த வரிசைக் குழல்களைத் திறப்பது, எவற்றை எவற்றோடு கலப்பது, எங்கே நிறுத்தி எதிரொலி அடங்கும்வரை காத்திருப்பது என்பனவற்றை எல்லாம் அக்காலத்து இசைத்தாள் பெரும்பாலும் சொல்வதில்லை. அவை வாசிப்பவருடைய விரலிலும் செவியிலும் இருந்தன. மேலும், அந்தக்கால ஆர்கன் மேதைகள் எழுதி வைத்ததைவிட, அமர்ந்த இடத்திலேயே புனைந்து வாசித்ததே அதிகம். அதற்கு ஏடே கிடையாது. இன்று கருவியில் பதிவு செய்து உலகின் எம்மூலைக்கும் அனுப்பிவிடுகிறோம். அன்றோ இசை பிறந்த இடத்திலேயே அடங்கிவிடும். வேண்டியவன் நடந்து போகத்தான் வேண்டும்.

நடப்பது பாக்கிற்குப் புதிதன்று. பதினைந்தாம் வயதில் லூனெபுர்க் நகரப் பள்ளிக்குச் சென்ற அவர், அங்கிருந்து ஹாம்பர்க் நகருக்குப் பலமுறை சென்று, முதியவரான ரைன்கென் என்பவரின் ஆர்கன் இசையைக் கேட்டு வந்தார். பின்னர் 1703-இல், பதினெட்டு வயதிலேயே, ஆர்ன்ஸ்டாட் என்ற சிற்றூரின் புதிய ஆலயத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. நல்ல ஊதியம், புத்தம் புதிய ஆர்கன். ஆனால் பாட வந்த மாணவர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1705 ஆகஸ்டில், தம்மைப் பழித்துவிட்டார் என்று சினந்த மாணவன் ஒருவன் சந்தைத் திடலில் தடியுடன் அவரை மறிக்க, இவரும் வாளை உருவிவிட்டார்! விசாரணை நடந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே பாக் நான்கு வாரம் விடுப்புக் கேட்டார். தமக்குப் பதிலாக வாசிக்க ஒருவரையும் ஏற்பாடு செய்தார். புறப்பட்டுவிட்டார்.

ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக் நகருக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். அவர் கால்நடையாகவே சென்றார் என்று மேற்சொன்ன இரங்கல் வரலாறு கூறுகிறது. இன்று அவ்விரண்டு ஊர்களும் ஒரே நாட்டில் உள்ளன; அன்றோ செருமனி என்று ஒரு தனி நாடு கிடையாது. சிற்றரசுகளும் ஆயர் ஆட்சிப் பகுதிகளும் தன்னாட்சி நகரங்களுமாக நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடந்த நிலம் அது. ஆர்ன்ஸ்டாட் ஒரு சிற்றரசரின் ஊர். லூபெக்கோ பேரரசரைத் தவிர வேறு எவருக்கும் கட்டுப்படாத வணிக நகரம். எல்லைக்கு எல்லை நாணயமும் சட்டமும் மாறின. வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லத்தக்க எல்லாத் தொல்லைகளும் அதில் இருந்தன.

ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் நடந்தாலும், போவதற்கு இரண்டு வாரம். வருவதற்கு இரண்டு வாரம். நான்கு வார விடுப்பு வழியிலேயே தீர்ந்துவிடும். கேட்பதற்கு ஒரு நாள் கூட மிஞ்சாது. இது பாக்கிற்குத் தெரியாதா? பாடல்களில் அவ்வளவு நுட்பமாகக் கணக்கிடத் தெரிந்தவருக்கு இது தெரியாது என்று எண்ண நம்மால் இயலவில்லை. இரண்டு நாளில் திரும்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படும் பிள்ளைகளை நாமும் பார்க்கிறோம் அன்றோ?

லூபெக்கின் மரியன்னை ஆலயம் செங்கல்லால் எழுப்பப்பட்ட மாபெரும் கோயில். அதன் உட்கூரை 38 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கிறது. ஆர்ன்ஸ்டாட்டு ஆர்கனில் இருபதுக்குச் சற்று அதிகமான குழல்வரிசைகளே இருந்தன. இங்கிருந்த பெரிய ஆர்கனில் ஐம்பதுக்கும் மேல். ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தை ஒட்டிய ஐந்து ஞாயிறுகளில், பிற்பகல் வழிபாடு முடிந்ததும் அங்கே "மாலை இசை" நடக்கும். வணிகர்கள் செலவை ஏற்றுக்கொள்ள, ஏழை பணக்காரர் எல்லாரும் கட்டணமின்றிக் கேட்கலாம். பின்னாளில் அந்நகர இசையாசிரியர் ஒருவர், கடுங்குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பதையும், பின்புறத்தில் இளைஞர் ஓடிப் பிடித்து விளையாடிச் சத்தமிடுவதையும் சொல்லிக் குறைபட்டிருக்கிறார். இசை கேட்கும் கூட்டம் எக்காலத்திலும் ஒன்று போலத்தான் இருந்திருக்கிறது!

அந்த 1705-ஆம் ஆண்டில் வழக்கமான ஞாயிறுகளுக்குப் புறம்பாக மேலும் இரண்டு நாள்கள் இசை விழா நடந்தது. பேரரசர் முதலாம் லியோபோல்டு மே மாதத்தில் இறந்திருந்தார். டிசம்பர் 2-ஆம் நாள் அவருக்காகத் துயர இசை. 3-ஆம் நாள் அவர் மகன் முதலாம் யோசேப்பு அரியணை ஏறியதற்கு வாழ்த்திசை. இறந்தவர் கத்தோலிக்கர், அழுத நகரமோ லூத்தரன் சபையைச் சேர்ந்தது. முந்தைய நூற்றாண்டில் முப்பது ஆண்டுகள் மதத்தின் பெயரால் ஒருவரையொருவர் வெட்டி மடிந்த மண்ணில் இப்படி ஒரு மாலை அமைந்ததை நம்மால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை. எக்காளங்களும் முரசுகளும் முழங்கின. ஓரிடத்தில் இருபத்தைந்து வயலின்கள் ஒரே குரலாக ஒலித்தன. அச்சிட்ட பாடல் வரிகள் இன்றும் உள்ளன. இசையோ அழிந்துவிட்டது.

பாக் திரும்ப மனமின்றித் தங்கினார். நான்கு வாரம் ஏறத்தாழ நான்கு மாதம் ஆயிற்று. முதியவருக்குப் பின்னர் அந்தப் பதவி தமக்குக் கிட்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம்; ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பதவிக்கு வருபவர் முன்னவருடைய மகளை மணக்க வேண்டும். புக்ஸ்டெஹூடேயும் தமக்கு முன்னிருந்தவரின் மகளையே மணந்தவர். 1703-இல் ஹாண்டெல் தம் நண்பர் மாத்தசோனுடன் லூபெக் வந்து, எல்லாவற்றையும் பார்த்து மகிழ்ந்து, இந்த நிபந்தனையைக் கேட்டதும் இருவரும் ஊர் திரும்பிவிட்டனர். அந்தப் பெண்ணின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதக் காணோம். புக்ஸ்டெஹூடே 1707 மே மாதத்தில் இறந்தார். ஷீஃபர்டெக்கர் என்பவர் அவ்வாண்டிலேயே பதவியையும் ஏற்று, அப்பெண்ணையும் மணந்தார்.

1706 பிப்ரவரி 21-ஆம் நாள் ஆர்ன்ஸ்டாட்டு மேலாளர்கள் பாக்கை அழைத்தனர். இவ்வளவு காலம் எங்கே இருந்தாய் என்றனர். தம் கலையில் சிலவற்றைத் தெரிந்துகொள்வதற்காக லூபெக் சென்றதாகவும், முன்னதாகவே அனுமதி பெற்றதாகவும் அவர் விடையிறுத்தார். கேட்டது நான்கு வாரம், தங்கியதோ அதைப்போல் நான்கு மடங்கு என்றார் சபைக் கண்காணிப்பாளர். பதிலாள் குறையின்றி வாசித்திருப்பான் என்று நம்பியதாகச் சொன்னார் பாக். அடுத்து வந்ததுதான் உண்மையான குற்றச்சாட்டு: இப்போதெல்லாம் ஞானப்பாட்டுகளுக்கு வாசிக்கும்போது விந்தையான மாற்றங்களையும் புதிய ஒலிகளையும் கலந்துவிடுகிறார், மக்கள் பாட முடியாமல் குழம்புகின்றனர். முன்னர் நெடுநேரம் வாசித்தார். குறைக்கச் சொன்னதும் மிகவும் குறைத்துவிட்டார். இந்தக் கடைசிப் புகாரைச் சொன்ன மாணவர் தலைவனோ, முந்திய ஞாயிறன்று பிரசங்க நேரத்தில் மதுக்கடைக்குப் போனதற்காக அதே அவையில் கண்டிக்கப்பட்டான்!

மேலாளர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட வேண்டா. திருவருகைக் காலமும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவும் ஆண்டுப் பிறப்பும் கடந்துபோயின. ஆர்கன் வாசிப்பவரோ ஊரில் இல்லை. பெருவிழா நெருங்கும் வேளையில் பாடற்குழுவை நடத்துபவர் காணாமற்போனால் ஒரு பங்கு என்ன பாடுபடும் என்பதை நம் குடும்பங்கள் நன்கறியும். அவர்கள் அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை என்பதே பெரிது. பாக் சென்றதில் நாம் குற்றம் காணவில்லை; தவணையைக் குறைத்துச் சொன்னதில்தான் காண்கிறோம். உண்மையைச் சொல்லி நான்கு மாதம் கேட்டிருந்தால் அவர்கள் கொடுத்திருப்பார்களா என்றால், கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

பாக் 1707-இல் வேறு ஊருக்கு மாறிச் சென்றார். அவர் லூபெக்கில் கேட்ட ஆர்கன் ஒலியை இனி எவரும் கேட்க முடியாது. 1942-ஆம் ஆண்டு குருத்து ஞாயிறுக்கு முந்திய இரவில் விழுந்த குண்டுகளால் மரியன்னை ஆலயம் தீப்பற்றி எரிந்தது, ஆர்கன்கள் அழிந்தன. கோபுரத்திலிருந்து விழுந்து நொறுங்கிய மணிகளை, ஆலயத்தைப் புதுப்பித்த பின்னரும் விழுந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கின்றனர்.

ஓர்துருஃபில் இருந்த அண்ணன் ஓர் ஏடு தொகுத்து வந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கால்கள் ஒரே சிறு மெட்டைத் திரும்பத் திரும்ப மிதிக்க, அதன்மேல் கைகள் புதிது புதிதாகப் புனைந்துகொண்டே செல்லும் வகையில் புக்ஸ்டெஹூடே இயற்றிய மூன்று ஆர்கன் படைப்புகள் அதில் உள்ளன. அவற்றைத் தம்பியே அண்ணனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார் என்று எண்ண இடமுண்டு. வேறு எந்தக் கையெழுத்துப் படியிலும் அம்மூன்றும் இல்லை. இந்த ஏடு இல்லையேல் அவையும் டிசம்பர் விழா இசையைப் போலவே மறைந்திருக்கும். அதே வகையில் தம்பி பிற்பாடு இயற்றிய பஸகாலியா என்னும் புகழ்பெற்ற படைப்பும் அந்த ஏட்டிலேயே இருக்கிறது. இம்முறை அண்ணன் அதைக் கம்பிக் கதவுக்குள் வைத்துப் பூட்டினாரா என்பது தெரியவில்லை.